நடக்காத கோலுக்கு யார் கணக்கு?

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கோவை நேரு ஸ்டேடியத்தில் ஐ-லீக் கால்பந்துத் தொடரின் கடைசி ஆட்டம். சென்னை சிட்டி எஃப்.சி.க்கு அந்த சீசனில் கோவைதான் சொந்த ஊர். எதிரணி மினர்வா பஞ்சாப். ஆட்டம் சூடு பிடிப்பதற்கு முன்பே, மூன்றாவது நிமிடத்தில், மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்துவிட்டார். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் அணி கோகுலம் கேரளாவோடு மோதிக்கொண்டிருந்தது. இங்கே சென்னை சிட்டி சறுக்கி, அங்கே ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். இடைவேளைக்குப் பிறகு 56ஆவது நிமிடத்தில் பெத்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். 69ஆவது நிமிடத்தில் கௌரவ் போரா ஒரு கோல். தொண்ணூறு நிமிடமும் முடிந்து நடுவர் கூட்டிக் கொடுத்த நேரத்தில் அதே போரா இன்னொரு கோல். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது. ஆனால் அவர்களுக்கு 42 புள்ளி, சென்னை சிட்டிக்கு 43. தமிழ்நாட்டு அணி ஒன்று முதன்முறையாக ஐ-லீக் பட்டம் வென்றது.

போரா ஒரு டிஃபென்டர்.

இந்த ஒரு விவரத்தில் ஒரு பழைய தத்துவச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. அந்த சீசனில் மான்சி அடித்தது 21 கோல். கால்பந்து பார்ப்பவர்கள் அதை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஸ்பெயினிலிருந்து வந்து சென்னை சிட்டியின் பின்களத்தைத் தாங்கிய ராபர்தோ எஸ்லாவா எத்தனை கோல்களை நடக்கவிடாமல் செய்தார்? அதற்குக் கணக்கு இல்லை. கணக்கு வைக்கவும் முடியாது. போராவைக்கூட அந்த இரண்டு கோலுக்காகத்தான் நினைவு வைத்திருக்கிறோம். அந்த சீசனில் அவர் மறித்த பந்துகளும் தட்டிவிட்ட பாஸ்களும் யார் நினைவிலும் இல்லை.

போராவுக்கு மட்டும் நேர்ந்த கதையில்லை இது. 1962 செப்டம்பர் 4, ஜகார்த்தா. ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து இறுதி ஆட்டத்தில் இந்தியா தென் கொரியாவை 2-1 என்று வீழ்த்தித் தங்கம் வாங்கியது. ஒரு கோலை பி.கே. பானர்ஜி அடித்தார். இன்னொன்றை அடித்தவர் ஜர்னைல் சிங், அந்தக் காலத்தில் ஆசியாவே மதித்த ஸ்டாப்பர். முந்தைய ஆட்டமொன்றில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் அவரை முன்களத்தில் இறக்கினார். தையல் போட்ட அந்தத் தலையாலேயே முட்டி கோல் போட்டார் என்பது இந்தியக் கால்பந்தின் புராணக் கதை. இந்தியாவின் மிகச் சிறந்த டிஃபென்டரைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த ஒரே கதை, அவர் டிஃபென்டராக ஆடாத நாளைப் பற்றியது.

செர்பியாவின் பிரானிஸ்லாவ் இவானோவிச் ஒன்பது ஆண்டுகள் செல்சி அணியின் காவலில் நின்றவர். 2013 மே 15 அன்று ஆம்ஸ்டர்டாமில் நடந்த யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்தில், பென்ஃபிகாவுக்கு எதிராக, 93ஆவது நிமிடத்தில் தலையால் முட்டி கோல் போட்டார்; செல்சிக்குக் கோப்பை. அவர் பெயரைச் சொன்னாலே ரசிகர் மனதில் ஓடும் காட்சி அதுதான். கோவையில் போரா, ஜகார்த்தாவில் ஜர்னைல், ஆம்ஸ்டர்டாமில் இவானோவிச்: காவல்காரன் காவலை விட்டு வெளியே வந்த நொடியில்தான் உலகம் அவனைத் திரும்பிப் பார்க்கிறது.

உலகின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருது 1956 முதல் கொடுக்கப்படுகிறது. அதை வாங்கிய டிஃபென்டர்கள் மூன்றே பேர்: ஜெர்மனியின் பெக்கன்பாவர் (1972, 1976), ஜாமர் (1996), இத்தாலியின் கன்னவாரோ (2006). சந்தை விலையிலும் இதே கதைதான். 2017இல் நெய்மாரை வாங்க பாரிஸ் அணி கொடுத்தது 22.2 கோடி யூரோ. ஒரு டிஃபென்டருக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை என்று 2019இல் பேசப்பட்டது ஹாரி மகுவைருக்கு மான்செஸ்டர் யுனைடெட் கொடுத்த 8 கோடி பவுண்டு.

இவானோவிச்சின் செர்பியா நல்ல டிஃபென்டர்களை உலகத்துக்கு அனுப்பும் சின்ன நாடு. அப்படி வந்தவர்களில் ஒருவர் தமிழ்நாட்டு அணிக்கும் ஆடினார். 2021இல் சென்னையின் எஃப்.சி. ஸ்லாவ்கோ டாம்யானோவிச்சைச் சேர்த்துக்கொண்டது. அந்த ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) ஆட்டங்கள் முழுக்க கோவாவில், கொரோனா கட்டுப்பாடுகளுக்குள் நடந்தன. கேலரியில் ஆள் இல்லை. சென்னை அணிக்கு வந்த மனிதர் சென்னையின் கூட்டத்தைப் பார்க்காமலே சீசனை முடித்தார். அணிக்குக் கிடைத்தது எட்டாம் இடம். பிறகு 2023 ஜனவரியில் ஏ.டி.கே. மோகன் பகானுக்கு வந்தார். அந்த மார்ச்சில் அணி ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கியது. அடுத்த சீசனில் பெங்களூரு எஃப்.சி. ஒரு தொழில்முறை டிஃபென்டரின் வாழ்க்கை பெரும்பாலும் இப்படித்தான்: ஊர் ஊராக, ஒப்பந்தம் ஒப்பந்தமாக, தலைப்புச் செய்தியில் வராமலே ஓடும்.

டிஃபென்டர் மைதானத்தில் நின்று என்னதான் செய்கிறார்? அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு ஸ்டாப்பரை மட்டும் கவனித்தால் தெரியும். எதிரணி முன்கள வீரர் பந்தோடு வருகிறார். ஸ்டாப்பர் பாய்வதில்லை. உடம்பை அரைவாசி திருப்பி, இரண்டடி பின்வாங்கி, உள்பக்க வழியை மூடி, ஓரக்கோட்டுப் பக்கம் மட்டும் இடம் விடுகிறார். ஒரு கை பின்னால் நீண்டு பக்கத்து பேக்கை முன்னே வரச் சொல்கிறது. வாய் கத்திக்கொண்டே இருக்கிறது. முன்கள வீரர் ஒரு நொடி யோசிக்கிறார், பந்தைத் திருப்பித் தன் ஆளுக்கே தட்டிவிடுகிறார். அவ்வளவுதான். பந்தை யாரும் பறிக்கவில்லை, யாரும் விழவில்லை, கேலரியில் சத்தமில்லை. உண்மையில் அங்கே ஒரு கோல் செத்துப்போயிருக்கிறது. பார்த்தவர்களுக்கோ எதுவுமே நடக்கவில்லை.

நடக்காத ஒன்றை ஒரு செயலின் பலன் என்று சொல்லலாமா? இல்லாத ஒன்றை 'இருக்கிறது' என்ற கணக்கில் எழுதலாமா?

இந்தியத் தத்துவம் இந்தக் கேள்வியோடு பல நூற்றாண்டு மல்லுக்கட்டியிருக்கிறது. வைசேடிக மரபு உலகிலுள்ள பொருள்களை முதலில் ஆறு வகையாகப் பிரித்தது. பிற்காலத்தில் ஏழாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டது: அபாவம், அதாவது இன்மை. தரையில் குடம் இல்லை என்றால் அந்த 'இல்லை'யும் அறியத்தக்க ஒரு பொருளே என்றார்கள் வைசேடிகர்களும் தர்க்க மரபான நியாயத்தைச் சேர்ந்தவர்களும். வேத விளக்க மரபான மீமாம்சையில் குமாரிலர் வழி வந்தவர்கள் ஒரு படி மேலே போய், இன்மையை அறிவதற்கென்றே தனி அளவை (அறியும் வழி) வேண்டும் என்றார்கள். அதே மரபின் பிரபாகரர் கட்சி ஒப்பவில்லை. குடம் இல்லாததைப் பார்க்கிறேன் என்பதெல்லாம் சும்மா. நீ பார்ப்பது வெறும் தரையைத்தான் என்பது அவர்கள் வாதம். தமிழுக்கும் இந்த விவாதம் புதிதில்லை. மணிமேகலையில் சமயக் கணக்கர் பேசும் காதையில் அபாவம் வருகிறது. சைவ சித்தாந்தத்தில் அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார் அளவைகளைப் பட்டியலிடும்போதும் அபாவம் வருகிறது.

கேலரியில் உட்கார்ந்திருக்கும் நம்மில் பெரும்பாலோர், தெரியாமலே, பிரபாகரர் கட்சி. நமக்குத் தெரிவது வெறும் தரைதான்.

ஆனால் நியாயக்காரர்கள் இன்னொரு வேலையும் செய்து வைத்திருக்கிறார்கள். நெருப்பு சுடும். ஆனால் ஒரு குறிப்பிட்ட இரத்தின மணியைப் பக்கத்தில் வைத்தால் சுடாது என்று அவர்கள் காலத்தில் நம்பினார்கள். அந்த மணி உண்மையா என்பது இருக்கட்டும். அதை வைத்து எழுப்பிய கேள்வி கூர்மையானது. மணி இருக்கும்போது நெருப்புக்கு என்ன ஆகிறது? நெருப்பின் சக்தியையே மணி அழித்துவிடுகிறது என்றது மீமாம்சை. அப்படி ஒரு சக்தியைத் தனியாகக் கற்பிக்க வேண்டாம், தடை இல்லாமல் இருப்பதும் சுடுவதற்கான காரணங்களில் ஒன்று என்றது நியாயம். விறகு, நெருப்பு, காற்று, கூடவே தடையின்மை. எல்லாம் சேர்ந்தால்தான் எரியும்.

இதை அப்படியே மைதானத்துக்குக் கொண்டு வரலாம். ஒரு கோல் விழ முன்கள வீரரின் கால் வேண்டும், பாஸ் வேண்டும், கூடவே அந்த இடத்தில் டிஃபென்டர் இல்லாமல் இருக்க வேண்டும். இதை நாம் மறுப்பதே இல்லை. கோல் விழுந்த அடுத்த நொடி கேலரி கேட்கும் முதல் கேள்வி, "பேக் எங்கே போனான்?" அவர் அங்கே இல்லாததுதான் கோலுக்குக் காரணம் என்று அடித்துச் சொல்கிறோம். சரி, அவர் இல்லாதது கோலுக்குக் காரணம் என்றால், அவர் இருந்தது கோல் விழாததற்குக் காரணமாக வேண்டுமே? அங்கே மட்டும் வாய் அடைத்துவிடுகிறது. திட்டும்போது நியாயக்காரர்கள், பாராட்டும்போது பிரபாகரர் சீடர்கள்.

இந்த ஓரவஞ்சனைக்கு நெமான்யா விடிச்சின் ஒரு சீசனே போதுமான சாட்சி. செர்பியாவின் உஜீட்சே நகரில் 1981இல் பிறந்தவர். ரெட் ஸ்டார் பெல்கிரேடு, ஸ்பார்டக் மாஸ்கோ வழியாக 2006 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார். 2008-09 சீசனில் அந்த அணி லீக்கில் தொடர்ந்து 14 ஆட்டங்களில் கோல் வாங்கவில்லை. 1,311 நிமிடம் வலை அசையவில்லை. அந்தச் சாதனை கீப்பர் வான் டெர் சார் பெயரில் பதிவானது. கீப்பர் சும்மா நின்றார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த நிமிடங்களில் பெரும்பகுதி அவருக்கு முன்னால் நின்றவர்களில் விடிச்சும் ஒருவர். கீப்பரின் அந்தத் தொடர் மார்ச் 4இல் முடிந்தது. பத்து நாள் கழித்து, மார்ச் 14 அன்று, லிவர்பூல் ஓல்டு டிராஃபோர்டுக்கு வந்தது. ஒரு நீளப் பந்தைக் கணிப்பதில் விடிச் தடுமாற, ஃபெர்னாண்டோ டோரஸ் பந்தைப் பிடுங்கிக்கொண்டு போய் கோல் அடித்தார். பிறகு ஜெரார்டைப் பிடித்து இழுத்ததற்காக விடிச்சுக்குச் சிவப்பு அட்டை. 1-4 தோல்வி. அந்த சீசனின் சிறந்த வீரர் விருதை பிரீமியர் லீக் அவருக்குத்தான் கொடுத்தது. ஆனாலும் அந்த ஆண்டைப் பேசுகிறவர்கள் ஆயிரம் நிமிடத்தைப் பேசுவதில்லை, டோரஸைத்தான் பேசுகிறார்கள்.

கொலம்பியாவின் ஆந்த்ரேஸ் எஸ்கோபாருக்கு அது பேச்சோடு நிற்கவில்லை. 1994 உலகக் கோப்பையில் ஜூன் 22 அன்று, அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில், குறுக்கே வந்த பந்தைத் தடுக்கக் காலை நீட்டினார். பந்து அவர் காலில் பட்டு அவர் அணியின் வலைக்குள்ளேயே போனது. பத்து நாள் கழித்து, ஜூலை 2 அதிகாலை, மெதெயின் நகரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தடுக்கப் போனதுதான் அவர் செய்தது. தடுத்து நிறுத்திய ஆயிரம் பந்துகள் எந்தப் புண்ணியக் கணக்கிலும் ஏறவில்லை. தவறிய ஒன்று மட்டும் பாவக் கணக்கில் கொட்டை எழுத்தில் ஏறியது.

கோவையின் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் பட்டறைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிய சங்கதி இல்லை. மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டரின் நிலை இதேதான். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும் வரை அவர் எதற்குச் சம்பளம் வாங்குகிறார் என்று சூப்பர்வைசருக்குச் சந்தேகம். "ஓடற மெசினுக்கு ஃபிட்டர் எதுக்குங்க?" என்பார்கள். பெல்ட் அறுந்து ஷிஃப்ட் நின்றால் அதே ஆள், "ஏனுங்க, முன்னாடியே பாக்கோணுமில்ல?" என்று பாய்வார்.

சரி, கண்ணுக்குத் தெரியாததை எண்ணிக்கையால் பிடிக்கலாமே என்று தோன்றும். மான்செஸ்டர் யுனைடெட்டே அதற்கு ஒரு பாடம். 1999இல் ஒரே சீசனில் மூன்று கோப்பை வென்ற அணியின் தூண் டச்சு டிஃபென்டர் யாப் ஸ்டாம். 2001 ஆகஸ்டில் அலெக்ஸ் ஃபெர்குசன் அவரை லாட்சியோவுக்கு விற்றார். ஸ்டாம் பந்தைப் பறிக்கும் எண்ணிக்கை குறைந்துவிட்டதாகப் புள்ளிவிவரம் காட்டியதும் அதற்கு ஒரு காரணம் என்று சைமன் கூப்பரும் ஸ்டெஃபான் சைமன்ஸ்கியும் எழுதியிருக்கிறார்கள். விற்றது தவறு என்று ஃபெர்குசனே பின்னால் சொன்னார். நல்ல டிஃபென்டர் சரியான இடத்தில் முன்கூட்டியே நின்றுவிட்டால் பாய்ந்து பறிக்கவேண்டிய தேவையே குறையும். எண்ணத் தெரிந்த இயந்திரத்துக்கு அது சோம்பலாகத் தெரிகிறது.

வருமுன் காப்பவரின் சிக்கல் இதுதான். காவல் எவ்வளவு முன்னதாக நடக்கிறதோ அவ்வளவு கண்ணுக்கு மறைந்துபோகும். கடைசி நொடியில் பாய்ந்து கோட்டின் மேல் பந்தைத் தட்டினால் கைதட்டல் உண்டு. பந்து அங்கே வராமலே செய்தால் ஒன்றும் கிடையாது.

தமிழ் அற மரபு இதை ஓரளவு புரிந்துகொண்டிருந்தது. வள்ளுவர் அறத்துப்பால் அதிகாரங்களில் வெஃகாமை, புறங்கூறாமை, கள்ளாமை, வெகுளாமை, இன்னா செய்யாமை, கொல்லாமை என்று வரிசையாகச் செய்யாதிருப்பதற்கே இடம் கொடுத்திருக்கிறார். பொருட்பாலில் அரணுக்குத் தனி அதிகாரம். கோவைக்குப் பக்கத்திலேயே பேரூர் சாந்தலிங்கர் கொலை மறுத்தல் என்று ஒரு நூலே செய்தார். சமணம் இன்னும் துல்லியமாகப் போகிறது. உயிருக்குள் வினை வந்து சேர்வதை ஊற்று என்றும், அந்த வரவைத் தடுத்து நிறுத்துவதைச் செறிப்பு என்றும், ஏற்கெனவே ஒட்டியதைக் கழிப்பதை உதிர்ப்பு என்றும் தமிழ்ச் சமணர்கள் பிரித்தார்கள். செறிப்பு அவர்களுக்கு வீடுபேற்றுக்கான தத்துவங்களில் ஒன்று. விஜயமங்கலத்தில் இன்றும் நிற்கும் சமணக் கோயில், இந்தச் சிந்தனை கொங்கு மண்ணில் வேர்விட்டிருந்த காலத்தின் சாட்சி.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. கொல்லாமை என்பது நான் செய்யாமல் இருப்பது. டிஃபென்டரின் வேலை, இன்னொருவர் செய்ய வருவதை நடக்கவிடாமல் செய்வது. முன்னது அடக்கம், பின்னது காவல். காவலுக்கு நன்றி சொல்வது எப்படி என்பதை அறநூல்களைவிட ஊர்க் கோயில்கள் நன்றாக அறிந்திருக்கின்றன.

மார்கழியின் கடைசி நாளில் கணபதியிலும் சுற்றுவட்டாரத்திலும் காலையிலேயே பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலைக் கட்டுகள் விற்பனைக்கு வந்துவிடும். மூன்றையும் ஒரே கொத்தாகச் சேர்த்து, வீட்டு முகப்பில், தோட்டத்தில், மாட்டுக் கொட்டகையில் செருகுவார்கள். அதுதான் கொங்கு நாட்டின் காப்புக்கட்டு. இது ஒன்று வேண்டும் என்று கேட்கிற சடங்கு இல்லை. ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்கிற சடங்கு. நகரத்துக்குக் காவல் கோனியம்மன். ஊர் எல்லைகளுக்குக் கருப்பராயனும் முனியப்பனும். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கோவையைப் பிளேக் பலமுறை புரட்டிப் போட்டபோது எழுந்ததுதான் பிளேக் மாரியம்மன் வழிபாடு. நோய் ஒழிந்து பல பத்தாண்டு ஆன பிறகும் கும்பிடு நிற்கவில்லை. 2021 மே மாதம் இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்தில் கொரோனா தேவிக்கே சிலை வைத்தார்கள். சிரித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிலைக்குப் பின்னால் இருந்த மனநிலை பழையது: வராமல் போனதற்கும் நன்றி சொல்லியாக வேண்டும்.

இங்கே பகுத்தறிவாளர் குறுக்கிடுவார், குறுக்கிடவும் வேண்டும். வராமல் போன எல்லாவற்றுக்கும் யார் வேண்டுமானாலும் உரிமை கொண்டாடலாமே? பிளேக்கை நிறுத்தியது தெய்வமா, எலி ஒழிப்பும் சுகாதாரமும், 1897இல் பம்பாயில் ஹாஃப்கின் உருவாக்கியது போன்ற தடுப்பூசிகளுமா? கேள்வி நியாயமானது. பதிலும் தர்க்க நூல்களிலேயே இருக்கிறது. இன்மையை அறிய ஒரு நிபந்தனை போட்டார்கள்: அந்தப் பொருள் இருந்திருந்தால் கண்ணுக்குப் பட்டிருக்க வேண்டும். இருட்டறையில் நின்றுகொண்டு குடம் இல்லை என்று சொல்ல முடியாது. அதே அளவுகோலைத் தடுத்தலுக்கும் நீட்டலாம். வந்திருக்கக்கூடியதை நிறுத்தியவருக்குத்தான் பெருமை சேரும். பந்து வராத பக்கம் நின்ற டிஃபென்டருக்கு அது சேராது. ஆகவே நன்றி சொல்வதற்கு முன், எது வந்திருக்கும் என்று யோசிக்க வேண்டும். அப்படி யோசித்தால் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்த கையோடு, எலிப் பொறி வைத்த நகராட்சி ஊழியருக்கும் ஊசி போட்ட கம்பவுண்டருக்கும் ஒரு கும்பிடு போட்டிருப்போம். அவர்களுக்கு யாரும் கோயில் கட்டவில்லை.

தடுக்க முடியாமல் தோற்றவருக்கு என்ன மரியாதை? இதற்குப் புராணம் ஒரு பதில் வைத்திருக்கிறது. பார்வதி நீராடப் போகும்போது பிள்ளையை வாசலில் காவலுக்கு வைத்தாள். வந்தவர் சிவபெருமான். பிள்ளை வழிவிடவில்லை. தலை போயிற்று. ஆட்டக் கணக்கில் பார்த்தால் அது தோல்வி. எதிராளி உள்ளே போய்விட்டார். ஆனால் அந்த வாசல்காவலனைத்தான் கணங்களுக்கு அதிபதியாக்கி, எந்தக் காரியத்துக்கும் முதல் பூசை என்று மரபு தீர்ப்புச் சொன்னது. காவலை அது முடிவை வைத்து அளக்கவில்லை. நின்ற இடத்தை வைத்து அளந்தது. அதே பிள்ளையார் தடை போடவும் தெரிந்தவர். பேரூருக்குக் கொண்டுபோன விநாயகர் சிலை, வண்டியின் அச்சு முறிந்து வழியிலேயே நின்றுவிட்டது. அங்கே எழுந்ததுதான் ஈச்சனாரி கோயில் என்கிறது தல வரலாறு. முறிந்த அச்சைக்கூடப் பழுது என்று தள்ளாமல் தெய்வச் செயலாகப் பார்த்த ஊர் இது.

கடைசியாகக் கீதையிடம் வர வேண்டும். பலனைக் கருதாமல் கடமையைச் செய், பிறர் தர்மத்தைச் சிறப்பாகச் செய்வதைவிட உன் தர்மத்தைக் குறையோடு செய்வது மேல் என்கிறது அது. மேலோட்டமாகப் பார்த்தால் டிஃபென்டருக்காகவே சொன்னது போல இருக்கும். உண்மையில் இந்த அறிவுரை முன்கள வீரருக்குத்தான் அதிகம் தேவை. கோல் அடித்துவிட்டுச் சட்டையைக் கழற்றிச் சுழற்றுபவரிடம் பலனில் பற்று வேண்டாம் என்று சொன்னால் பொருள் உண்டு. டிஃபென்டரிடம் பற்று வைக்கப் பலனே கொடுக்கப்படுவதில்லை.

இந்த இடத்தில்தான் தத்துவம் வழுக்கும். பலனை எதிர்பார்க்காதே என்பது செய்கிறவன் தன் மனதுக்குச் சொல்லிக்கொள்ளவேண்டிய வார்த்தை. பலனை அனுபவிக்கிறவன் அதை எடுத்துச் சொன்னால் அது ஏமாற்று வேலை. சாக்கடை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும் தூய்மைப் பணியாளரிடமும், வீட்டில் ஒரு குறையும் வராமல் காலமெல்லாம் ஓடுகிற பெண்ணிடமும், ராத்திரி முழுக்க விழித்திருக்கும் வாட்ச்மேனிடமும் இந்த உபதேசம் காலங்காலமாகச் செய்யப்பட்டிருக்கிறது. கடமையே தெய்வம் என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு, சம்பளப் பட்டியலில் கடைசி வரியைக் கொடுத்தார்கள். செய்பவர் பலனை மறக்கலாம். அது அவர் பெருந்தன்மை. பார்ப்பவருக்கு மறக்கும் உரிமை இல்லை. நடக்காமல் போனதைக் கண்டுபிடித்துக் கணக்கில் எழுதுவது பார்வையாளரின் கடமை. அதற்கு மூன்றாவது கண் எதுவும் வேண்டியதில்லை. பந்தை விட்டு இரண்டு நிமிடம் கண்ணைத் திருப்பினால் போதும்.

ஐ-லீக்கில் சிறந்த டிஃபென்டருக்கான விருது ஜர்னைல் சிங் பெயரில் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஐ.எஸ்.எல்.லில் அதிக கோல் அடித்தவருக்குத் தங்க ஷூ, சிறந்த வீரருக்குத் தங்கப் பந்து, சிறந்த கீப்பருக்குத் தங்கக் கையுறை உண்டு. டிஃபென்டருக்கென்று அப்படி ஒரு பெயர் பெற்ற விருது இல்லை. கோவையில் பள்ளிகளும் கிளப்புகளும் ஆண்டுதோறும் எத்தனையோ கால்பந்துப் போட்டிகள் நடத்துகின்றன. முன்னே ஓடத் தெரியாத பையனைப் பின்னால் நிறுத்தும் பழக்கத்தை முதலில் பயிற்சியாளர்கள் விட வேண்டும். பரிசளிப்பு விழா நடத்துகிறவர்கள் ஒரு கோப்பை அதிகமாக வாங்கி, அதில் 'சிறந்த டிஃபென்டர்' என்று பொறித்து, அதிக கோல் அடித்தவருக்குக் கொடுப்பதற்கு முன்னால் அதைக் கொடுக்க வேண்டும்.